வட்டுக்கோட்டைச் சாத்திரசாலை (1823–1855): ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளியின் மரபுகளும் மொழிக் கொள்கையும்

ஆய்வுச்சுருக்கம்

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823 முதல் 1855 வரை நடத்திய வட்டுக்கோட்டைச் சாத்திரசாலை, தெற்காசியாவில் உயர்கல்வி வழங்கிய தொடக்ககால ஆண்கள் உறைவிடப் பள்ளிகளுள் ஒன்றாகும். இப்பள்ளியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அதில் பயின்று புகழ்பெற்றவர்களின் பட்டியலாகவோ, சமயப் பணியின் வெற்றி தோல்விக் கணக்காகவோ அமைகின்றன. உணவு, பெயர், பாடமொழி, பொதுத்தேர்வு ஆகியன குறித்துப் பள்ளியில் நிலவிய மரபுகளை இக்கட்டுரை முதன்மைப்படுத்துகிறது. நிறுவியோரின் நோக்கத்திற்கும் மாணவரை அனுப்பிய குடும்பங்களின் நோக்கத்திற்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடுகளே இம்மரபுகள் என்பதும், அவற்றுள் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்பித்த இருமொழி மரபே தமிழியலுக்கு நிலைத்த பயன் தந்தது என்பதும், அம்மரபைப் பிரித்தெடுக்க முயன்றதே 1855ஆம் ஆண்டு முடிவின் உட்பொருள் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: வட்டுக்கோட்டைச் சாத்திரசாலை, அமெரிக்க மிஷன், யாழ்ப்பாணம், உறைவிடக் கல்வி, டானியல் பூவர், இருமொழிக் கல்வி, தமிழ் உரைநடை.

1. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூற்பதிப்பு வரலாற்றைப் பேசுவோர் சி. வை. தாமோதரம்பிள்ளையைத் தவிர்த்து எழுத இயலாது. தமிழ்ப் புலவர் வரலாற்று நூல்களைப் பேசுவோர் ஆனல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபக'த்தைக் குறிப்பிடாமல் கடக்க இயலாது. தமிழ் அகராதியியலில் வைமன் கதிரைவேற்பிள்ளையும், தமிழில் கணிதநூல் எழுதிய முன்னோடிகளுள் கறல் விசுவநாதபிள்ளையும் இடம்பெறுகின்றனர். இந்நால்வரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள் என்பது பலரும் அறிந்த செய்தியே. ஆயினும், முப்பத்திரண்டு ஆண்டுகளே நடைபெற்ற ஓர் உறைவிடப் பள்ளி இத்தகையோரை எவ்வாறு உருவாக்கியது என்னும் வினாவுக்கு, 'மிஷனரிமாரின் கல்விப்பணி' என்ற பொதுவிடையே பெரும்பாலும் அளிக்கப்படுகிறது. அவ்விடை போதியதன்று. இலங்கையிலும் தமிழகத்திலும் மிஷன் பள்ளிகள் பல இருந்தன. அவையெல்லாம் இத்தகைய விளைவைத் தரவில்லை.

ஒரு பள்ளியின் பாடத்திட்டம் அது எதைக் கற்பிக்க விரும்பியது என்பதைக் காட்டும். அதன் மரபுகளோ, அங்கு உண்மையில் எது நடைபெற முடிந்தது என்பதைக் காட்டும். மாணவர் இரவும் பகலும் தங்கியிருக்கும் உறைவிடப் பள்ளியில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தோன்றும். எங்கே உண்பது, எப்பெயரால் அழைக்கப்படுவது, எம்மொழியில் எழுதுவது ஆகிய ஒவ்வொன்றும் அங்கே முடிவு செய்யப்பட வேண்டிய பொருளாகும். இந்நோக்கிலேயே சாத்திரசாலையின் வரலாறு இங்கு அணுகப்படுகிறது.

2. பள்ளி தோன்றிய சூழல்

அமெரிக்க அயல்நாட்டு மிஷன் சங்கம் 1810ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நிறுவப்பெற்றது. அச்சங்கத்தின் மிஷனரிமார் 1816இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தைப் பணிக்களமாக ஏற்றனர். டானியல் பூவரும் எட்வர்டு வாரனும் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையிலும் அமர்ந்தனர். போர்த்துக்கீசரும் பின்னர் ஒல்லாந்தரும் பயன்படுத்திக் கைவிட்ட பழைய தேவாலயங்களும் குருமனைகளும் அவ்விடங்களில் சிதைந்து கிடந்தன. அவற்றைப் பழுதுபார்த்தே மிஷன் நிலையங்கள் உருவாக்கப்பட்டன. சிறிது காலத்தில் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய ஊர்களுக்கும் பணி விரிந்தது.

பூவரின் கல்விப் பின்னணி இங்கு நோக்கத்தக்கது. அவர் ஆண்டோவர் நகரின் பிலிப்ஸ் அக்காடமியிலும், டார்ட்மத் கல்லூரியிலும், ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் பயின்றவர். இளைஞரை வீட்டுச் சூழலிலிருந்து பிரித்து, ஆசிரியரின் கண்காணிப்பில் தங்கவைத்து, செம்மொழியும் கணிதமும் சமயமும் ஒருங்கே கற்பிக்கும் முறை அவருக்குத் தம் இளமையிலேயே பழக்கமானது. யாழ்ப்பாணத்தில் உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கியபோது அவர் கொண்டுவந்தது இம்மாதிரியையே.

ஆனால் அம்மாதிரி வந்திறங்கிய இடம் வெற்றிடமன்று. யாழ்ப்பாணத்தில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. ஏடெழுதும் பயிற்சியும் நிகண்டு மனனமும் இருந்தன. புராணப் படலம் கேட்கும் வழக்கமும், புலவர் ஒருவரை அடுத்துப் பாடங்கேட்கும் முறையும் இருந்தன. ஆகவே குடும்பங்கள் பிள்ளைகளை மிஷனிடம் அனுப்பியமைக்குக் கல்வியின்மை காரணமன்று. பிரித்தானிய ஆட்சியில் அலுவலகப் பணிக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. அதனை உணவும் உறையுளும் தந்து கற்பிக்க மிஷன் முன்வந்தது. மிஷன் போதகரையும் உபதேசியாரையும் உருவாக்க விரும்பியது. பெற்றோர் ஆங்கிலம் அறிந்த அலுவலரை எதிர்பார்த்தனர். இவ்விரு நோக்கங்களும் பள்ளியின் இறுதி நாள்வரை ஒன்றோடொன்று இணங்கியும் பிணங்கியும் நின்றன.

3. 1823ஆம் ஆண்டுத் திட்டம்

நிலையங்கள்தோறும் நடந்த உறைவிடப் பள்ளிகளில் தேர்ந்த மாணவருக்கு உயர்கல்வி அளிக்க ஒரு கல்லூரி வேண்டும் என மிஷனரிமார் 1823இல் விரிவான திட்டமொன்றை வெளியிட்டனர். தமிழ் இளைஞருக்கும் பிறருக்கும் இலக்கியக் கல்வியும் சமயக் கல்வியும் வழங்குவது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆங்கிலம், உயர்தமிழ், தேர்ந்த சிலருக்கு வடமொழி, மேலும் சிலருக்கு எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளும், புவியியல், வரலாறு, கணிதம், இயற்கை மெய்யியல், வானியல் முதலான துறைகளும் அதில் இடம்பெற்றன.

இத்திட்டத்தில் தமிழ் பெற்ற இடமே அதன் தனித்தன்மை. செய்யுள் நூல்களைப் பொருளுணர்ந்து கற்பதோடு, தமிழில் தெளிவான உரைநடை எழுதும் ஆற்றலை மாணவரிடம் வளர்ப்பதும் கல்லூரியின் பணியாகக் கருதப்பட்டது. கற்ற அறிவியலைத் தமிழ் மக்களுக்குத் தமிழில் எடுத்துரைக்க அத்தகைய உரைநடை தேவை என்பது அவர்தம் வாதம். மெக்காலேயின் கல்விக் குறிப்பு வெளிவந்த 1835ஆம் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே இத்திட்டம் எழுதப்பட்டது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இலங்கை ஆட்சியாளர் இதனை வரவேற்கவில்லை. ஆளுநர் எட்வர்டு பார்ன்ஸ் அமெரிக்க மிஷனரிமாரின் எண்ணிக்கை பெருகுவதை விரும்பாதவர். அச்சுப்பணிக்காக 1820இல் வந்த ஜேம்ஸ் காரெற்று யாழ்ப்பாணத்தில் தங்க அனுமதி மறுக்கப்பட்டமையே அதற்குச் சான்று. கல்லூரி என்னும் தகுதியும் பட்டயமும் கிடைக்காத நிலையில், 1823இல் வட்டுக்கோட்டையில் 'மத்திய பாடசாலை' என்ற எளிய பெயரில் பள்ளி தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது செமினரி எனப் பெயர்மாற்றம் பெற்றது. தமிழ் மக்கள் அதனைச் 'சாத்திரசாலை' என வழங்கினர். இவ்வழக்குச் சிந்தனைக்குரியது. நிறுவியோர் சமயப் பயிற்சியை முதன்மையாகக் கருதினர். சுற்றியிருந்தோரோ அங்குக் கற்பிக்கப்பட்ட 'சாத்திரங்களை', அதாவது கணிதம், வானியல் போன்ற அறிவுத்துறைகளை, முன்னிறுத்தியே பெயரிட்டனர்.

4. அடுக்களையும் சாதியும்

உறைவிடப் பள்ளி எதிர்கொண்ட முதற் சிக்கல் பாடத்தைப் பற்றியதன்று, உணவைப் பற்றியது. மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தம் பிள்ளைகள் உண்பதை வெள்ளாளக் குடும்பங்கள் ஏற்கவில்லை. அயலில் இருந்த சைவர் ஒருவரின் காணியில் அடுக்களை அமைத்து, அவர்கள் ஏற்கும் சமையற்காரரைக் கொண்டு சமைப்பித்து, மாணவர் அங்குச் சென்று உண்டு வரும் ஏற்பாட்டிற்கு மிஷன் தொடக்கத்தில் இணங்க வேண்டியதாயிற்று. வகுப்பறையில் சாதி பொருட்டன்று எனப் போதித்த ஆசிரியர், உணவுவேளையில் சாதி வேலிக்கு அப்பால் மாணவரை அனுப்பினர்.

இதனை மிஷனின் நழுவலாகவோ மாணவரின் பிடிவாதமாகவோ மட்டும் காண்பது முழுமையாகாது. அடுக்களை ஒரு பேச்சுவார்த்தை மேடையாக இருந்தது. உணவுத் தூய்மையைக் காப்பாற்ற முடியும் என்ற உறுதி கிடைத்த பின்னரே குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. காலப்போக்கில் இத்தடை தளர்ந்தபோதிலும், அவ்வுறுதியின் விலையாகப் பள்ளியின் சமூக அமைப்பு வரையறைக்குட்பட்டது. மாணவருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளரே. சாதிப்படிநிலையின் கீழ்த்தட்டில் வைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சாத்திரசாலையின் கதவு மிக அரிதாகவே திறந்தது. பின்னாளில் யாழ்ப்பாணத்துக் கற்றோர் குழாம் பெரிதும் ஒரே சமூகத்தைச் சார்ந்ததாக அமைந்தமைக்கு இவ்வடுக்களை உடன்பாடும் ஒரு காரணம் எனலாம். சாத்திரசாலையின் சாதனைகளைப் பேசும் ஆய்வு இவ்விலையையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

பெண்கல்விக்கும் இதனை ஒத்த நிலை இருந்தது. சாத்திரசாலை ஆண்களுக்கு மட்டுமே உரியது. ஹரியற் வின்சுலோ அம்மையார் 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் உறைவிடப் பள்ளி அதன் இணையாகக் கருதப்பட்டது. சாத்திரசாலையில் கற்ற இளைஞருக்குக் கல்வியறிவு பெற்ற கிறித்தவத் துணைவியர் அமைதல் வேண்டும் என்பது அப்பள்ளியின் நோக்கங்களுள் ஒன்று. இரு வளவுகளும் சேர்ந்தே ஒரு புதிய கற்ற குடும்ப அமைப்பை உருவாக்கின.

5. பெயர் சூட்டும் மரபு

சாத்திரசாலை மரபுகளுள் ஆய்வாளரை இன்றும் இடர்ப்படுத்துவது பெயர் மரபாகும். அமெரிக்காவிலிருந்த கொடையாளர் ஒருவரோ ஒரு சபையோ ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகை அனுப்பி ஒரு மாணவனின் செலவை ஏற்கலாம். அவ்வாறு ஏற்போர் தாம் விரும்பும் பெயரை அம்மாணவனுக்குச் சூட்டும் உரிமை பெற்றனர். சிலர் தம் பெயரையும், சிலர் தாம் மதித்த போதகரின் பெயரையும், சிலர் மறைந்துபோன உறவினரின் பெயரையும் வழங்கினர். இதனால் யாழ்ப்பாணச் சிற்றூர்ப் பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டில் நியூ இங்கிலாந்துப் பெயர்களோடு விளங்கினர். அளவெட்டிக் கனகசபைப்பிள்ளை, அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்த ஜெரமையா எவாட்ஸின் பெயரைப் பெற்றார். 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்கள் இருவரும் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்றே அறியப்படுகின்றனர். இருவரும் சாத்திரசாலையில் பயின்ற தமிழர்.

இம்மரபின் பின்வரலாறு மூன்று வழிகளில் சென்றது. சிலர் பள்ளிப் பெயரையே நிலையான பெயராகக் கொண்டனர். சிலர் அதனைத் தமிழ்ப் பெயரின் முன்னொட்டாக ஏற்றனர். கறல் விசுவநாதபிள்ளை, ஆனல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்பன அவ்வாறு அமைந்தவை. இன்னும் சில குடும்பங்களில் அயற்பெயர் தலைமுறை கடந்து சென்றது. 'நியாய இலக்கணம்' என்னும் தருக்க நூலை 1850இல் வெளியிட்ட சிதம்பரப்பிள்ளை, சாத்திரசாலையில் வில்லியம் நெவின்ஸ் எனப்பட்டவர். அவர் மகன் நெவின்ஸ் செல்வத்துரை பின்னாளில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அமெரிக்கக் கிறித்தவக் கொடையின் அடையாளமாக வந்த பெயர், சைவக் கல்வி மீட்சிக்காக எழுந்த கல்லூரியின் தலைமை இருக்கைவரை சென்றது. பெயரைக் கொடுத்தவரின் நோக்கம் ஒன்று. பெற்றவரின் வாழ்வில் அது அடைந்த பொருள் வேறொன்று.

ஆய்வு முறையியலுக்கும் இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. மிஷன் அறிக்கைகளில் ஆங்கிலப் பெயரால் மட்டுமே குறிக்கப்படும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், உதவியாளர் பலர் தமிழர் என்பது எளிதில் மறைந்துவிடுகிறது. அப்பெயர்களைத் தமிழ்ப் பெயர்களோடு ஒப்பிட்டு இணைக்காதவரை, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூலாக்கத்தில் உள்ளூர்ப் புலமையாளரின் பங்கு குறைத்தே மதிப்பிடப்படும்.

6. வகுப்பறையில் இருமொழி

பூவர் 1823 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சாத்திரசாலையின் தலைவராக இருந்தார். அவருக்குப்பின் ஹென்றி ஹொய்சிங்டன் பொறுப்பேற்றார். இருவர் காலத்திலும் ஆங்கிலம் உயர்வகுப்புகளின் முதன்மைப் பாடமொழியாக வளர்ந்தது. எனினும் தமிழ் நீங்கிவிடவில்லை. நன்னூலும் திருக்குறளும் வகுப்பறைக்குள் இருந்தன. ஒரே பொருளை இரு மொழிகளிலும் எழுதுவதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ப்பதும் மாணவர் பயிற்சியின் பகுதிகளாயின. நீதிபதி ரிச்சர்டு ஒட்லியின் பெயர் தாங்கிய ஒட்லி மண்டபம் கல்விக்கூட்டங்களுக்குரிய இடமாக விளங்கியது. அரசு அலுவலரும் பிற ஐரோப்பியரும் பார்வையாளராக வர, மாணவரை அவை நடுவே வினவும் ஆண்டுப் பொதுத்தேர்வு பள்ளியின் முக்கிய நிகழ்வாயிற்று. இலங்கைக் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலில் இப்பள்ளியின் கல்வித்தரத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் பாராட்டியுள்ளார்.

பொதுமேடையில் அறிவைச் சோதிக்கும் இவ்வழக்கம் பள்ளி வளவோடு நின்றுவிடவில்லை. 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் குறித்து, அராலியைச் சேர்ந்த பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாத்திரியாரின் கணிப்பிற்கும் பூவரின் கணிப்பிற்கும் வேறுபாடு தோன்றியது. கிரகணத்தின் தொடக்கம், அளவு, கால நீளம் ஆகியவற்றில் யார் கணிப்புப் பொருந்துகிறது என்பதை ஊரவர் வானத்தை நோக்கி அறியுமாறு பூவர் செய்தார். கணிப்புப் பொருந்தியது தமக்கே என மிஷன் எழுத்துகள் பதிவு செய்கின்றன. புராணங்கள் கூறும் உலக அமைப்பை மறுக்க வானியலைக் கருவியாக்குவதே பூவரின் எண்ணம்.

ஆயினும் இந்நிகழ்வின் நீண்டகால விளைவு வேறு திசையில் சென்றது. உள்ளூர் வானியலை மறுக்க வேண்டுமெனில் அதனைக் கற்க வேண்டும். ஹொய்சிங்டன் 'உள்ளமுடையான்' என்னும் தமிழ்ச் சோதிட நூலை ஆராய்ந்து, இந்து வானியல் முறையை விளக்கும் பாடநூலொன்றை 1848இல் வெளியிட்டார். சாத்திரசாலை மாணவர் இரு கணித முறைகளையும் அருகருகே வைத்து நோக்கப் பழகினர். ஒப்பிட்டு நோக்குதல், கணித்துச் சரிபார்த்தல், முடிவைச் சான்றோடு எழுதுதல் ஆகிய பழக்கங்கள் சமய வாதத்திற்காகவே விதைக்கப்பட்டன. ஆனால் அவை சமய வாதத்திற்குள் அடங்கிவிடவில்லை.

7. பள்ளிக்கு வெளியே விளைந்தவை

மானிப்பாயில் 1834 முதல் இயங்கிய அமெரிக்க மிஷன் அச்சகம் சாத்திரசாலையில் கற்றோருக்கு எழுத்துக்களத்தை அமைத்துத் தந்தது. 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் தொடங்கிய 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. செய்தி, அறிவியல், வரலாறு, சமய விவாதம் என எல்லாவற்றையும் தமிழ் உரைநடையில் எழுத வேண்டிய தேவையை அவ்விதழ் உண்டாக்கியது. 1823ஆம் ஆண்டுத் திட்டம் வேண்டிய உரைநடை, பள்ளியின் மாணவர் கையிலேயே இதழ் மொழியாக உருப்பெற்றது.

நூல்களும் தொடர்ந்தன. சிதம்பரப்பிள்ளையின் 'நியாய இலக்கணம்' மேலைத் தருக்கத்தைத் தமிழில் தந்தது. கறல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' வெளியிட்டார். கனகசபைப்பிள்ளை விவிலியக் கதையைத் தமிழ்ப் புராண யாப்பில் அமைத்து 'திருவாக்குப் புராணம்' இயற்றினார். சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் வெளிவந்து, நானூற்றுக்கும் மேற்பட்ட புலவர்களைப் பற்றிய செய்திகளை அகரவரிசையில் தொகுத்தது. கதிரைவேற்பிள்ளை தொகுத்த சொல்லகராதி அவர் மறைவுக்குப்பின் மதுரைத் தமிழ்ச்சங்கத்தால் வெளியிடப்பட்டது.

தாமோதரம்பிள்ளையின் வாழ்வு இவ்விளைவின் இயல்பை நன்கு விளக்கும். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் மரபுவழித் தமிழையும், சாத்திரசாலையில் ஆங்கிலத்தையும் அறிவியலையும் அவர் கற்றார். பீற்றர் பேர்சிவலின் அழைப்பை ஏற்றுச் சென்னை சென்று 'தினவர்த்தமானி' இதழாசிரியரானார். அவரும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றை அவர் பதிப்பித்தபோது, ஏடுகளை ஊர்தோறும் தேடித் திரட்டியும், பாடங்களை ஒப்புநோக்கியும், நூலின் காலம் பற்றிப் பதிப்புரையில் வாதிட்டும் உழைத்தார். ஏட்டையும் யாப்பையும் கையாளும் திறம் கவிராயரிடம் பெற்றது. சான்றுகளை அடுக்கி எழுத்தில் வாதிடும் முறைக்குச் சாத்திரசாலையும் துணைசெய்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

சமய நோக்கில் இவ்விருவர் வரலாறும் நிறுவியோருக்கு மகிழ்ச்சி தருவதன்று. ஆறுமுக நாவலரின் 'சைவ தூஷண பரிகாரம்' 1854இல் வெளிவந்தபோது, அதனை மறுத்து விசுவநாதபிள்ளை 'சுப்பிரதீபம்' எழுதினார். பின்னர் அவரே சைவத்திற்குத் திரும்பினார். தாமோதரம்பிள்ளையும் சைவராகவே மறைந்தார். வேறு பலரும் கல்விக்காலத்தில் திருமுழுக்குப் பெற்று, பள்ளியை விட்டு நீங்கியபின் முன்னோர் சமயத்தை மேற்கொண்டனர். இதனைப் போலி மதமாற்றம் என ஒரு சாரார் இகழ்ந்தனர். தேர்வுக்கும் ஐயத்திற்கும் வாதத்திற்கும் பழக்கப்பட்ட மாணவர், அப்பழக்கத்தைப் பள்ளியின் சமயத்தின் மீதும் செலுத்தினர் என்று கொள்ளவும் இடமுண்டு.

சாத்திரசாலையின் தாக்கம் தமிழகத்தையும் எட்டியது. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கியபோது யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற மிஷனரிமாருடன் சாத்திரசாலையில் பயின்ற தமிழ் உதவியாளரும் சென்றனர். பூவரும் சில ஆண்டுகள் மதுரையில் பணியாற்றினார். திருமங்கலத்தில் 1842இல் தோன்றிப் பசுமலைக்கு 1845இல் இடம்பெயர்ந்த செமினரி, வட்டுக்கோட்டை மாதிரியின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கது.

8. 1855: முடிவும் அதன் முரணும்

டானியல் பூவர் 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அதே ஆண்டில் மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சனும் அகஸ்டஸ் தொம்சனும் தூதுக்குழுவாக யாழ்ப்பாணம் வந்தனர். அண்டர்சனின் கொள்கை தெளிவானது: ஊர்தோறும் தம்மைத் தாமே நடத்திக்கொள்ளும் சபைகள் அமைதல் வேண்டும், அவற்றிற்குத் தாய்மொழி அறிந்த போதகரே போதும், ஆங்கிலக் கல்வி இளைஞரை ஊரிலிருந்து பிரித்து அரசுப் பணிக்கும் உயர்ந்த சம்பளத்திற்கும் கொண்டுசெல்கிறது. தூதுக்குழுவின் வருகையைத் தொடர்ந்து சாத்திரசாலை மூடப்பட்டது.

அண்டர்சனின் நோக்கில் நின்று பார்த்தால் இம்முடிவு பொருத்தமற்றதன்று. பள்ளி போதகரைவிட அலுவலரையே மிகுதியாக உருவாக்கியது என்பது உண்மை. அயல்நாட்டுப் பணத்தால் ஆங்கில அலுவலர் குழாமொன்றை வளர்ப்பது ஒரு சமயச் சங்கத்தின் கடமையா என்ற வினாவும் நியாயமானதே. தாய்மொழிக்கு முதன்மை வேண்டும் என்ற அவர் கூற்று இன்றைய கல்விச் சிந்தனைக்கும் இசைவானது.

முரண் வேறோரிடத்தில் உள்ளது. தமிழின் பெயரால் மூடப்பட்ட பள்ளி, தமிழ் உரைநடைக்கும் தமிழ் அறிவியல் எழுத்துக்கும் அக்காலத்தில் பெரும்பங்கு ஆற்றிய பள்ளியாகும். அண்டர்சன் எண்ணிய தமிழ், சிற்றூரில் போதனைக்கு உதவும் தமிழ். 1823ஆம் ஆண்டுத் திட்டம் எண்ணிய தமிழோ, தருக்கத்தையும் கணிதத்தையும் வானியலையும் தாங்கவல்ல தமிழ். அத்தகைய தமிழ் ஆங்கிலத்தோடு நாள்தோறும் உரசியதால் உருவானது. ஆங்கிலத்தை அகற்றினால் தமிழ் மிஞ்சும் என்பது அண்டர்சனின் கணக்கு. ஆனால் இரண்டும் சேர்ந்து வளர்ந்த ஒரு மரபில் ஒன்றை அகற்றுவது மற்றொன்றின் தரத்தையும் குறைத்தது. தாய்மொழிக் கல்விக்கான வாதம் எப்போதும் தாய்மொழியை உயர்த்துவதற்கான வாதமாக அமைவதில்லை. சில வேளைகளில் அது கற்போரின் எல்லையைக் குறுக்குவதற்கான வாதமாகவும் அமையக்கூடும் என்பதை 1855ஆம் ஆண்டு உணர்த்துகிறது.

யாழ்ப்பாணத்தாரின் மறுமொழி விரைவில் வெளிப்பட்டது. பழைய மாணவர் ஆங்கிலக் கல்வி தொடர வழிதேடினர். உயர்கல்வி நிறுவனம் மீண்டும் வேண்டும் எனக் கோரினர். அதன் பயனாக 1872இல் வட்டுக்கோட்டையின் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. சாத்திரசாலையின் இறுதிக்கால ஆசிரியருள் ஒருவரான ஈ. பி. ஹேஸ்டிங்ஸ் அதன் முதல் அதிபரானார். 1823இல் அயலவர் திட்டமிட்டு நிறுவிய பள்ளியை, ஐம்பதாண்டு நிறைவதற்குள் ஊரவரே தம் தேவையாகக் கேட்டுப் பெற்றனர்.

9. முடிவுரை

சாத்திரசாலையின் மரபுகளைத் தொகுத்து நோக்கும்போது மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, உறைவிடப் பள்ளியின் மரபுகள் நிறுவியோர் ஒருதலையாக விதித்தவை அல்ல. அடுக்களை ஏற்பாட்டில் குடும்பங்களின் விருப்பம் நிலைபெற்றது. பெயர் மரபில் கொடையாளரின் விருப்பம் முதலில் நிலைபெற்று, பின்னர் மாணவரின் கையில் உருமாறியது. ஒவ்வொரு மரபும் ஓர் உடன்பாடு. ஒவ்வோர் உடன்பாட்டிற்கும் ஒரு விலை உண்டு. சாதி எல்லைக்குட்பட்ட மாணவர் சேர்க்கையே அவ்விலைகளுள் பெரியது.

இரண்டாவது, பள்ளியின் நிலைத்த பயன் அதன் அறிவிக்கப்பட்ட நோக்கத்திலிருந்து விளையவில்லை. போதகரை உருவாக்க அமைந்த இருமொழிப் பயிற்சி, இதழாசிரியரையும் பதிப்பாசிரியரையும் அகராதிக்காரரையும் உருவாக்கியது. ஆகவே ஒரு கல்வி நிறுவனத்தை அதன் குறிக்கோள் உரையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும்.

மூன்றாவது, இருமொழிக் கல்வி என்பது இரு மொழிகளை அடுத்தடுத்த பாடவேளைகளில் கற்பிப்பது மட்டுமன்று. ஒரு மொழியில் கற்றதை மற்றொரு மொழியில் எழுதவும், எழுதியதை அவைமுன் நிறுவவும் மாணவரைப் பழக்குவதே அது. ஆங்கிலவழியா தமிழ்வழியா என்ற வினா இன்று நம் கல்லூரிகளில் எழும்போது, வட்டுக்கோட்டை மாணவர் மேற்கொண்ட இப்பயிற்சி எங்கேனும் நடைபெறுகிறதா என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். தமிழில் துறைசார் உரைநடை வளர்வதும் தேய்வதும் அவ்வினாவின் விடையைப் பொறுத்தே அமையும்.